பிரச்சினை நேரத்து ஆங்கிலம்

"மிஸ், பிரச்சினை நேரம் என்றதுக்கு இங்கிலீஷில என்ன?"

கேட்டவர் சம்பூரில் இருந்து வரும் ஓர் அக்கா. எங்கள் வகுப்பு சனிக்கிழமை பின்னேரங்களில், திருகோணமலை நகருக்குள்ளே கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சன சமூக நிலையத்தில் நடக்கிறது. காலையில் பெரியவர்கள் பேப்பர் பார்க்கும் நீட்டு மேசையைச் சுவரோடு ஒதுக்கி, கெரம் போர்டை மூலையில் சாத்திவிட்டால் பன்னிரண்டு பேர் இருக்கலாம். அதற்கு மேல் வந்தால் வாசல் திண்ணை.

அன்றைய பாடம் கடந்தகால அனுபவங்களைச் சொல்வது. புத்தகத்தில் பத்துக் கேள்விகள் இருந்தன. விமானத்தில் போயிருக்கிறீர்களா, குதிரையில் ஏறியிருக்கிறீர்களா, பனி கொட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'நோ, ஐ ஹாவ்ன்ட்' என்றது. நாலாவது கேள்வி, வேறோர் ஊரில் வாழ்ந்திருக்கிறீர்களா என்பது. அக்கா எழும்பி நின்றார்.

"யெஸ், ஐ ஹாவ். ஐ ஹாவ் லிவ்ட் இன் நைன் பிளேசஸ்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். சம்பூர், ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பில் இரண்டு முகாம், கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், கடைசியாகச் சம்பூர். முதலும் கடைசியும் ஒரே ஊர்தானே அக்கா, அப்ப எட்டுத்தானே என்று பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டது. "இல்லையம்மா, அது வேற சம்பூர்" என்றார். 2006 சித்திரையில் விட்டு ஓடிய ஊருக்கு அவர்கள் திரும்பக் கால் வைத்தது 2015க்குப் பிறகு. வீடு இருந்த இடத்தை மாமரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பிரச்சினை நேரத்துக் கேள்வி வந்தது. என் வாயில் உடனே 'டியூரிங் த வோர்' என்றுதான் வந்தது. அதைக் கரும்பலகையில் எழுதவும் செய்தேன். அவர் பார்த்துவிட்டு, அப்படியென்றால் யுத்தம் என்றெல்லோ வரும் என்றார். நாங்கள் வீட்டில் யுத்தம் என்று சொல்வதில்லை. அது ரேடியோவில், பேப்பரில் வருகிற சொல். எங்கள் வாயில் அது பிரச்சினை நேரம், பிரச்சினை காலம். 83, 85, 90, மூதூர்ப் பிரச்சினை, பிறகு கடைசிப் பிரச்சினை. யார் தொடங்கினது, யார் சுட்டது என்று யாருக்கு முன்னாலும் சொல்ல முடியாமல் நாற்பது வருடம் இருந்த சனம் கண்டுபிடித்த சொல் அது. யார் கேட்டுக்கொண்டிருந்தாலும் வில்லங்கம் வராத சொல். அவர் கடைசியில் 'இன் த ப்ரொப்ளம் டைம்' என்று எழுதினார். ஒரு சோதனைத்தாளில் அதற்குச் சிவப்புக் கோடு விழும் என்று தெரியும். நான் போடவில்லை. இன்றைக்கும் எங்கள் வகுப்பில் அது ப்ரொப்ளம் டைம்தான்.

இதை எழுதக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எங்கள் கதையைச் சொல்வது என்ற விஷயத்தில் நான் ஒருதரம் பெரிய பிழை விட்டிருக்கிறேன்.

2005 தை மாதம். கடல் வந்து போய் மூன்று கிழமை. எனக்கு 24 வயது, வேலை இல்லை. ஆங்கிலம் கதைப்பேன் என்ற ஒரே காரணத்துக்காக நிவாரணம் கொடுக்க வந்த ஓர் அமைப்பு என்னை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டது. நாளுக்கு நாலு முகாம், ஐந்து முகாம். நிலாவெளிப் பக்கம் ஒரு மீன்பிடிக் கிராமத்தில், தறப்பாளுக்குக் கீழே, ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும் ஒரு பெரியம்மா கதைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த அலுவலர் படிவத்தோடு எதிரே இருந்தார். நான் நடுவில்.

பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை விடியப்புறத்தில் தொடங்கினார். அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. எழும்பி அம்மியைக் கழுவியிருக்கிறார். மகள் வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றதால் சம்பலுக்குக் கூடத் தேங்காய் துருவியிருக்கிறார். அவருடைய மனுசன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஓர் இரைச்சல் கேட்டது. லொறி வருகிற மாதிரி, இல்லை, பத்து லொறி சேர்ந்து வருகிற மாதிரி. "திரும்பப் பிரச்சினை துவங்கிட்டுதாக்கும் எண்டுதான் பிள்ளை நான் நினைச்சன்." சமாதான ஒப்பந்தம் வந்து மூன்று வருடம் ஆகப்போன நேரம் அது. பிள்ளைகளை ஒழுங்கைக்குள்ளே தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார். கடல் வருது, கடல் வருது என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். அந்தச் சொல் அவருக்கு விளங்கவில்லை. கடல் எப்படி வரும்? சுனாமி என்ற சொல்லை எங்கள் கரையில் அதற்கு முன் யார் கேள்விப்பட்டது? ஒரு வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்த கதை, கையில் இருந்த சின்னப் பிள்ளையைப் பல்லால் சட்டையில் கவ்விப் பிடித்த கதை, தண்ணீர் வடிந்த பிறகு வந்த அமைதி. இரண்டாம் நாள் வீட்டைப் பார்க்கப் போனால் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். மனுசனை அதற்கு முதல் நாளே ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டியாகிவிட்டது. வளவுக்குள் அம்மி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. "குழவியக் காணேல்ல பிள்ளை. எல்லா இடமும் தேடினன். இவ்வளவு பாரமான குழவி, எங்க போகும்?"

இருபது நிமிடத்துக்கு மேல் கதைத்திருப்பார். அலுவலர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது மூன்று வசனம். ஹேர் ஹஸ்பண்ட் டைட். த ஹவுஸ் இஸ் கொம்ப்ளீட்லி டமேஜ்ட். த கொம்யூனிட்டி ஹாஸ் லொஸ்ட் இட்ஸ் லைவ்லிஹூட்.

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். படிவத்தில் மூன்று பெட்டிதான் இருந்தது. மூன்றும் நிரம்பிவிட்டன. பெரியம்மா என் முகத்தையே பார்த்தார்.

"பிள்ளை, நான் இவ்வளவு நேரம் கதைச்சன். நீ இவ்வளவு கெதியா முடிச்சிட்டாய்?"

"இங்கிலீஷில சுருக்கமாத்தான் வரும், பெரியம்மா."

அது பொய். எனக்கு அது பொய் என்று அப்போதே தெரியும். அம்மி என்பதற்குச் சொல் வராமல் அம்மியை விட்டேன். அம்மியை விட்டதால் குழவியையும் விட்டேன். இரண்டையும் விட்ட பிறகு மிச்சத்துக்கு அவசரப்பட்டேன், ஏனென்றால் வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். இந்தத் தீவில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போன ஒரு காலைப்பொழுது. அதில் ஒருத்தியின் காலைப்பொழுது என் வாய்க்குள் வந்து காணாமல் போனது. நான் பிறகு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். எனக்குத் தெரியும், அதுதான் காரணம்.

அந்த மூன்றாவது வசனத்தில் நான் போட்ட 'கொம்யூனிட்டி' என்ற சொல்லைப் பற்றியும் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் முழுக்க அந்தச் சொல்தான். கொம்யூனிட்டி மீட்டிங், கொம்யூனிட்டி லீடர், பாதிக்கப்பட்ட கொம்யூனிட்டி. ஆங்கிலப் பேப்பரைப் பிரித்தால் அதே சொல் வேறு வேலை செய்யும். தமிழ் கொம்யூனிட்டி, முஸ்லிம் கொம்யூனிட்டி, சிங்கள கொம்யூனிட்டி. லத்தீனில் அந்தச் சொல்லின் அடி பொது என்ற பொருளைத் தருவது. பொது என்று பிறந்த சொல்லை நாங்கள் பிரித்து எண்ணுவதற்கு வைத்திருக்கிறோம். தமிழில் 'எங்கட ஆக்கள்' என்போம். சிங்களத்தில் 'அபே மினிஸ்சு' என்பார்கள். எங்கட ஆக்கள் என்று சொல்லும்போது குரல் தன்னால் கொஞ்சம் தாழும், கவனித்திருக்கிறீர்களா? பக்கத்தில் எங்கட ஆக்கள் அல்லாதவர் யாரும் நிற்கிறாரா என்று கண் ஒருதரம் சுற்றிவரும். எந்த ஓர் இனமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. யாராவது நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

இப்போது என் வகுப்பில் இருக்கிற பன்னிரண்டு பேரில் எல்லாரும் இருக்கிறார்கள். மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் தம்பி, கந்தளாயிலிருந்து ஒரு சிங்களத் தம்பி, உவர்மலை, பாலையூற்று, கிண்ணியா என்று மற்றவர்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது. ஆங்கிலம் இணைப்பு மொழி என்று சொன்னதும் அதே திருத்தம்தான். என் அப்பா எழுதுவினைஞராக இருந்தவர். சிங்களச் சோதனை எழுதி எழுதிக் களைத்த தலைமுறை. அவருக்கு இணைப்பு மொழி என்ற சொல் பிடிக்காது. இணைக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இரண்டு மொழியும் போதும் என்பார். அவர் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சனிக்கிழமைகளில் நான் கண்ணால் கண்டதையும் சொல்லவேண்டும்.

முதலில் இலக்கணம். 'ஐ ஹாவ் லிவ்ட்' என்ற வடிவத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க ஆசிரியர்கள் படாத பாடு படுவார்கள். எனக்கு அது தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்று விளங்க வருடக்கணக்கு எடுத்தது. வாழ்ந்தேன், வாழ்ந்திருக்கிறேன். அந்த 'இருக்கிறேன்' என்ற துண்டுதான் ஹாவ். நடந்தது நடந்து முடிந்தது, ஆனால் அது இங்கே என்னோடு இருக்கிறது. இதைச் சொன்ன அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேரின் முகம் மாறியது. திகதி போட்டவுடன் ஹாவ் போய்விடும் என்பதையும் அவர்களே பிடித்துக்கொண்டார்கள். 2006இல வாகரையில இருந்தனான், ஐ லிவ்ட் இன் வாகரை இன் 2006. முதலில் இருந்திருக்கிறேன் என்று கதவைத் திறப்பது, பிறகு திகதியோடு உள்ளே போவது. பழைய கதை சொல்கிறவர்கள் எந்த மொழியிலும் அப்படித்தான் போகிறார்கள்.

இன்னொன்று, இடம்பெயர்ந்தோம் என்ற சொல். தமிழில் கேட்டால் நாங்களே விரும்பிப் பெயர்ந்து போன மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் 'வீ வேர் டிஸ்பிளேஸ்ட்' என்றால் யாரோ எங்களைப் பெயர்த்தார்கள் என்று வசனமே சொல்லிவிடும். யார் என்று சொல்லாது, ஆனால் யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லும். காணாமல் போனோர் என்று எழுதியதை மறுத்து, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று சொல்லுங்கள் என்று தாய்மார் தெருவில் நின்று கேட்டது இந்த ஒரு துண்டுக்காகத்தான்.

இதற்குப் பக்கத்திலே ஒரு சின்ன விதி இருக்கிறது. 'ஹாஸ் பீன்' என்றால் போய்த் திரும்பி வந்துவிட்டார். 'ஹாஸ் கோன்' என்றால் போனவர் இன்னும் வரவில்லை. ஆளுக்கொரு வசனம் எழுதச் சொன்னேன். கொப்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது பின்வரிசையில் ஒரு பிள்ளை 'மை பிரதர் ஹாஸ் கோன்' என்று எழுதிவிட்டு நிறுத்தியிருந்தாள். எங்கே என்று எழுதவில்லை. புள்ளி வைத்திருந்தாள். சரி அடையாளம் போட்டுவிட்டு அடுத்த கொப்பிக்குப் போனேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்து, 'வீ'. தமிழில் நாம் என்றால் கேட்கிற உங்களையும் சேர்த்து. நாங்கள் என்றால் நீங்கள் தவிர்ந்த நாங்கள். பேச்சில் எங்கள் பக்கம் பெரும்பாலும் நாங்கள் என்றே எல்லாத்துக்கும் சொல்லிவிடுகிறோம், ஆனால் காது பிரித்துத்தான் கேட்கும். ஆங்கிலத்தில் அந்தப் பிரிப்பு இல்லை. சிங்களத்து 'அபி'யும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை மூதூர்த் தம்பி தன் முறைக்கு எழும்பி, 2006 ஆவணியில் மூதூரிலிருந்து வெளியேறியதைச் சொன்னான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. வாப்பாவின் தோளில் தம்பி, உம்மாவின் கையில் குர்ஆன், அவனுடைய கையில் ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல். வெயிலுக்குள்ளே நடை. 'வீ வோக்ட் அண்ட் வோக்ட். வீ ஸ்லெப்ட் இன் எ ஸ்கூல் இன் கந்தளாய்.'

கந்தளாய்த் தம்பி கதிரையில் நிமிர்ந்தான். அவனுக்கும் அப்போது அதே வயது. அவனுடைய ஆங்கிலம் தட்டித் தட்டித்தான் வரும். 'மை ஃபாதர் ஹாஸ் டிராக்டர்' என்று தொடங்கி, 'ஹாட்' என்று தானே திருத்திக்கொண்டான். அப்பா டிராக்டர் பெட்டியில் சோற்றுப் பார்சல் ஏற்றிக்கொண்டு போக, அவன் மேலே இருந்து போயிருக்கிறான். பள்ளிக்கூட மதிலுக்கு மேலால் கைகள் நீண்டதாம். அவனுக்குப் பயம் பிடித்ததாம். அவ்வளவு சனத்தை அவன் பெரஹர ஊர்வலத்தில்தான் கண்டிருக்கிறான், ஆனால் இங்கே ஒருத்தரும் சத்தம் போடவில்லையாம்.

சம்பூர் அக்கா எழும்பவில்லை, இருந்த இடத்திலிருந்தே கதைத்தார். மூதூர்ச் சனம் கந்தளாய்ப் பக்கம் போன அதே வருடம் தாங்கள் வாகரைப் பக்கம் போனதைச் சொன்னார். இரண்டு திசைக்கு இரண்டு சனம். 'வீ தோட் ஒன்லி வீ' என்றார். ஒன்லி அஸ் என்று வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் வீ யார், இரண்டாவது வீ யார் என்று ஆங்கிலம் கேட்கவில்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களும் கேட்கவில்லை. தமிழில் என்றால் அக்கா நாங்கள் என்றுதான் தொடங்கியிருப்பார், அந்த நாங்களுக்குள் யார் என்று மூதூர்த் தம்பிக்கு உடனே தெரிந்திருக்கும், அவன் வாயை மூடியிருப்பான். யார் யாரை விரட்டியது என்ற கதைக்கு அது போயிருக்கும். அந்தக் கதையும் கதைக்கப்படவேண்டியதுதான். ஆனால் அதற்கு முதல் இது நடந்தது, எங்கள் எல்லாருக்கும் கைவசம் சொற்கள் குறைவாக இருந்த ஒரு மொழியில்.

டச்சுக் குடாவில் கரைவலை இழுக்கிறபோது பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். தொடங்கும்போது ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாத தூரத்தில் நின்று இழுப்பார்கள். மடி கரைக்கு வர வர, இழுக்கிறவர்களும் பக்கம் பக்கமாக நகர்ந்து வருவார்கள். கடைசியில் தோளோடு தோள் முட்டும். சும்மா பார்க்க வந்து கயிற்றில் கை வைத்தவருக்கும் கறிக்கு நாலு மீன் கிடைக்கும். அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் பஸ் நிலையத்துக்கு ஒன்றாக நடந்து போனதைப் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எங்கள் பத்திரிகைத் தமிழில் ஒரு வழக்கு உண்டு. கூட்டத்துக்கு அதிபர் சமுகமளித்தார் என்று எழுதுவார்கள். அந்தச் சமுகம் முகத்துக்கு முகம் என்ற வடசொல்லில் இருந்து வந்தது. கொம்யூனிட்டி என்ற பொருளில் வரும் சமூகம் கூட்டம் என்ற வேறொரு சொல்லில் இருந்து வந்தது. ஒரு குறில் நெடில் வித்தியாசம், அதையும் மாறி மாறித்தான் எழுதுகிறார்கள். நான் எழுத்துப் பிழை என்று திருத்தி வந்தவள். இப்போது திருத்தக் கை வருவதில்லை. அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே வாசிக்கிறது.

போன வருடம் சந்தையில் ஒரு பெண் என்னை மறித்தாள். நீங்கள்தானே சுனாமி நேரம் இங்கிலீஷ் கதைத்த அக்கா என்றாள். அந்தப் பெரியம்மாவின் மகள். கனடாவில் இருக்கிறாளாம், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவளுடைய பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, பிறந்தது அங்கே. அம்மம்மா சுனாமியில் தப்பின கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். "அம்மா சொல்லுறது அவளுக்கு விளங்குதில்ல அக்கா. நான் சொல்லப்போனா அழுகை வருது. ஒருக்கா வந்து சொல்லித் தாங்கோவன்."

என் வாயில் ஒருதரம் சுருங்கிப்போன கதை. நானே திரும்பச் சொல்லப் பயமாக இருந்தது. மூதூர்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் அவசரப்படமாட்டான்.

பெரியம்மா இப்போது சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை கனடாவுக்குத் திரும்பிவிட்டிருந்ததால் போனில் முகம் பார்த்துத்தான் கதை. பெரியம்மா ஒரு வசனம் சொல்வார், நிறுத்துவார், தம்பியின் வாயைப் பார்ப்பார். "சொல்லியாச்சா மகன்?" "சொல்லியாச்சு, ஆச்சி." பிறகு அடுத்த வசனம். ஞாயிற்றுக்கிழமை, போயா. விடிய எழும்பினது. அம்மியைக் கழுவினது.

அந்த இடத்தில் தம்பிக்குச் சொல் வரவில்லை. கிரைண்டர் என்றான். இல்லை என்று தானே தலையாட்டினான். 'எ ஸ்டோன்' என்றான், 'எ பிக் ஸ்டோன்'. போனுக்குள்ளே பிள்ளை ஏதோ கேட்டது. வை டிட் ஷீ வோஷ் எ ஸ்டோன்? அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் அந்த நேரம் ஒன்றும் வரவில்லை, பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும்.

பெரியம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கதிரைக் கையைப் பிடித்து எழும்பினார். தம்பியின் கையிலிருந்து போனை வாங்கி, பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குசினிக் கதவால் பின்வளவுக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், இரண்டு சீமெந்துக் கல்லுக்கு மேலே அம்மி இருந்தது. நடுவிலே தேய்ந்து குழி விழுந்த பழைய அம்மி. குழவி வேறு நிறம், அம்மிக்குக் கொஞ்சம் சின்னது.

"இதான்" என்று போனைக் குனிந்து காட்டினார். பிறகு குழவியைத் தொட்டு, "இது பிறகு வாங்கினது" என்றார். தம்பி அதை மொழிபெயர்த்தான்.